கரியாலூரின் சில்லறைச் செய்திகள்

கல்வராயன்மலையைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வர வேண்டுமானால், அதில் மூன்று வார்த்தைகளில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். ஊறல், செம்மரம், டோலி. ஊறல் என்றால், இத்தனை லிட்டர் சாராய ஊறல் கண்டுபிடித்து அழிக்கப்பட்டது என்று பேரல்களோடு ஒரு படம். செம்மரம் என்றால், கூலிக்கு ஆசை காட்டி ஆந்திராவுக்கு அழைத்துப் போகப்பட்டவர்கள் பிடிபட்டார்கள் என்று நாலைந்து பெயர்கள். டோலி என்றால், சாலை இல்லாத குக்கிராமத்திலிருந்து கர்ப்பிணியையோ பிணத்தையோ மூங்கிலில் துணி கட்டித் தூக்கி வந்தார்கள் என்று ஒரு பரிதாபம். இந்த மூன்றும் நடக்காத நாட்களில் எங்கள் மலையில் சூரியன் உதிப்பதுகூட இல்லை என்றுதான் கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் செய்திகள் பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்றும் நடப்பதுதான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை யார் மறக்க முடியும்? கூலிக்குப் போனவர்கள் எல்லாரும் நம் வடமாவட்டத்து மலைகளையும் அடிவாரங்களையும் சேர்ந்தவர்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அந்த ஓலம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு 365 நாள் இருக்கிறது ஐயா. மீதி நாட்களில் இங்கே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுத ஆள் வேண்டாமா? இன்றைக்கு என் வாதம் அதுதான்.

வாதத்துக்கு முன்னால், புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக இரண்டு வரி. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். பிறந்தபோது அது பிரெஞ்சு இந்தியா. 1954 நவம்பர் 1-இல் கொடி மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி கைமாறியது. நடுவில் இருந்த காலத்தில் எங்களை பிரெஞ்சு வழிப் பள்ளியில் போட்டார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, பிற்பாடு அலுவலகத்தில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் கோப்பு கட்டி, எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். மகள் மலையில் ஆசிரியை. மனைவி காலமான பிறகு 2018-இல் கரியாலூருக்கு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். கடற்கரைக்காரனுக்கு மலை ஒத்துக்கொள்ளாது என்றார்கள். ஒத்துக்கொண்டது.

பள்ளிக்கூட நாட்களில் ரொமேன் ரோலான் நூலகத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் வரும். தாமதமாகத்தான் வரும், ஆனாலும் எங்களுக்குப் புதுசு. அதில் பெரியவர்கள் அரசியல் பக்கத்தைப் படிப்பார்கள். பையன்கள் நாங்கள் தேடுவது ‘ஃபே திவேர்’ என்ற பகுதியை. தமிழில் சொன்னால் சில்லறைச் செய்திகள். அங்கே ஒரு மாடு கிணற்றில் விழுந்தது, இங்கே ஒரு கிழவர் தன் வண்டியைத் தானே திருடிவிட்டுப் புகார் கொடுத்தார் என்கிற மாதிரி. அரசியல், போர், விலைவாசி என்கிற எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காததை எல்லாம் அங்கே போடுவார்கள்.

இந்தப் பகுதியை ஒரு கலையாகவே செய்தவர் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1906-இல் ‘லெ மத்தேன்’ என்ற பாரிஸ் நாளிதழில் மூன்று வரிச் செய்திகள் என்ற பகுதிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் எழுதினார். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய துணைவியார் ஒவ்வொன்றாகக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்ததால்தான், அவர் இறந்த பிறகு அவை புத்தகமாயின. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அந்த மனிதர் அதற்கு முன்னால் பாரிஸ் போர் அமைச்சகத்தில் பல வருஷம் எழுத்தர் வேலை பார்த்தவர்! கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கைக்குத்தான் மூன்று வரியில் ஒரு வாழ்க்கையை அடக்கத் தெரியும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

சரி, பாரிசை விடுவோம். கரியாலூருக்கு வருவோம். இது ஒன்றும் நகரம் இல்லை. ஆனால் மலைக்குள் இருக்கும் ஊர்களுக்கு இதுதான் பட்டணம். காவல் நிலையம் இருக்கிறது, டீக்கடைகள் இருக்கின்றன, படகுக் குழாம் இருக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வளைவுகள் ஏறி வெள்ளிமலைக்குப் போகிற சாலையில் எல்லாரும் இறங்கிக் கால் நீட்டுகிற இடம். இந்தக் கடைத்தெருவில் நடப்பதை எந்தப் பத்திரிகையும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

முதல் செய்தி, பலாப்பழம் சம்பந்தப்பட்டது. ஆனி மாதத்தில் கீழே போகிற பேருந்தில் பாதி ஜனம், பாதி பலா. போன வருஷம் ஒரு நாள் இரண்டு பெரிய பழங்கள் சாக்கில் ஒரு சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தன. கீழே இருந்து வந்து திரும்பிப் போகிற ஒருவர், “மனுசன் நிக்கறான், பழம் உக்காந்துட்டு வருது, இது என்னா நியாயம்?” என்று குரல் கொடுத்தார். கண்டக்டர் நிதானமாக எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டே, “அது ரெண்டுக்கும் லக்கேஜ் போட்டாச்சுங்க. நீங்கதான் இன்னும் டிக்கெட் வாங்கல” என்றார். பேருந்தே சிரித்தது. நின்றவரும் சிரித்துவிட்டார். பழத்துக்குச் சொந்தக்காரப் பெண்மணி சாக்கை மடியில் இழுத்துக்கொண்டு அவருக்குப் பாதி சீட் விட்டுக்கொடுத்தார். இறங்கும்போது பழம் இறக்கக் கை கொடுத்தவரும் அவர்தான்.

அந்தக் கண்டக்டரைப் பற்றி இன்னொன்று. கீழே போகும்போது அவர் சட்டைப் பையில் நாலைந்து சீட்டு இருக்கும். ஒன்றில் சர்க்கரை மாத்திரையின் பெயர், ஒன்றில் தையல் மிஷினுக்குப் பெல்ட் அளவு, ஒன்றில் ஒரு பையனின் கண்ணாடிக்கு ஃபிரேம் உடைந்த சேதி. சாயந்திரம் திரும்பி வரும்போது எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வந்துவிடும். சில்லறை பாக்கி காசு வரை கணக்காக வரும். இதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு வாழைத்தார், ஒரு படி சாமை. அவ்வளவுதான்.

இரண்டாவது செய்தி, கூகுள் மேப் சம்பந்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் நீர்வீழ்ச்சி என்று கார்கள் வரும். செல்போன் காட்டுகிற பாதையில் ஒன்று, கடைசியில் ஒரு ஆயாவின் மரவள்ளிக் கொல்லையில் போய் முடிகிறது. அதற்கு மேல் வண்டி போகாது. திருப்பவும் முடியாது. முதல் வருஷம் ஆயா பேரன்களைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டார். இரண்டாம் வருஷம் டயருக்கு அடியில் போட இரண்டு பலகை வாங்கிவைத்தார். இப்போது கொல்லை முகப்பில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, தன் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். “எழுத்து போட்டா படிக்கறாங்களா? செவப்பு துணின்னா நிக்கறாங்க” என்பது அவர் கண்டுபிடிப்பு. நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் எத்தனை அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதியிருக்கிறேன்! ஒன்றுகூட அந்தப் புடவைத் துணி அளவுக்கு வேலை செய்ததாக நினைவில்லை.

வழி கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே யாரிடமாவது இன்ன ஊர் எவ்வளவு தூரம் என்றால், “கூப்புடு தூரந்தாங்க” என்பார்கள். நம்பி நடந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த மேட்டில் நின்று குரல் கொடுத்தால் பள்ளத்தாக்கைத் தாண்டி அந்த மேட்டில் கேட்கத்தான் செய்கிறது. குரல் போகிற தூரம் வேறு, கால் போகிற தூரம் வேறு. அவர்கள் சொன்னது குரலின் கணக்கு.

மூன்றாவது செய்தி, கேப்பை சம்பந்தப்பட்டது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் கேப்பைக் கதிரைப் பரப்பிவிடுவார்கள். பேருந்தும் லாரியும் ஏறிப் போனால் கதிர் உதிரும். காசில்லாத போரடிப்பு. ஒரு பெண்மணி என்னிடம் மனு எழுத வந்தார். எழுத்தன் என்று தெரிந்ததிலிருந்து என் திண்ணையில் வாரத்துக்கு நாலு மனுவாவது எழுதுகிறேன். முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்று என்றுதான் இருக்கும். இந்த அம்மாள் கேட்டது வேறு. பேருந்து அவர் கதிரைப் போட்ட இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதாம். பத்தடி தள்ளி நின்றால் கதிரின் மேல் ஏறி நிற்குமாம். “அதுக்கு ஒரு மனு எழுதுங்க சாமி, கலெக்டருக்கு.” நான் மனு எழுதவில்லை. டிரைவரிடம் பேசினேன். இப்போது பேருந்து பத்தடி தள்ளி நிற்கிறது. என் சர்வீசில் இவ்வளவு சீக்கிரம் தீர்வு கிடைத்த கோப்பு வேறு கிடையாது.

நான்காவது செய்தி சாதிச் சான்று சம்பந்தப்பட்டது. இதைக் கீழே இருக்கிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர் மலையாளி. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருள். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சென்னையில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனான். சான்றிதழைப் பார்த்த பெரியவர் முகம் மலர்ந்து மலையாளத்திலேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம். பையன் விழித்ததும், “ஓணத்துக்காவது ஊருக்குப் போவியா?” என்று கேட்டாராம். “எங்க ஊர்ல பொங்கல்தாங்க” என்று இவன் சொல்ல, பத்து நிமிஷம் மலைக்கும் மலையாளத்துக்கும் வித்தியாசம் விளக்கியதிலேயே நேர்முகம் முடிந்துவிட்டது. வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆனால் அலுவலகத்தில் இன்றைக்கும் அவனை ‘சேட்டா’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

அந்தப் பட்டியலிலேயே இன்னொரு வேடிக்கை. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் எந்தெந்த மாவட்டத்தில் என்று குறித்திருக்கும். அதில் நமக்குரியது தென்னாற்காடு. 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதற்கெல்லாம் முன்னால், 1976 வரை, இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று 29 வருஷம் கழித்துத்தான் இங்கே ஜாகீர் போய் அரசாங்கம் வந்தது. எண்பது வயது ஆயா ஒருவர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே ஒரு ஜாகீரையும் மூன்று மாவட்டங்களையும் பார்த்திருக்கிறார். முத்தியால்பேட்டையில் தெருவை விட்டு நகராமல் இரண்டு தேசத்தைப் பார்த்தவர்கள் எங்கள் அப்பா தலைமுறை. அதனால் இந்த ஆயாவோடு எனக்குப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஐந்தாவது செய்திக்குச் சிரிக்க முடியாது.

தை மாதம் பிறக்க நாலு நாள் இருந்தது. கீழே சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்தில் நானும் இருந்தேன். அடிவாரத்தில் சோதனைக்காக நிறுத்தினார்கள். சாராயம் காய்ச்ச வெல்லமும் கடுக்காயும் வேண்டும் என்பதால் மலைக்கு ஏறுகிற பைகளில் அதைத்தான் தேடுவார்கள். ஒரு ஆயாவின் பையில் வெல்லம் இருந்தது. ஐந்து கிலோ இருக்கும். பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் என்று பெரிய குடும்பம். “இவ்ளோ வெல்லம் எதுக்கு?” என்று கேட்டார்கள். ஆயா திரும்பக் கேட்டார்: “ஏங் கண்ணு, பொங்கலுக்கு வெல்லம் போடாம சாராயமா ஊத்திக் கிண்டுவாங்க?” கேட்டவரும் இளவயதுப் பையன்தான். சிரித்துவிட்டு, போங்கம்மா என்று பையைக் கொடுத்துவிட்டான். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேருந்து கிளம்பிய பிறகு யாரும் பேசவில்லை. பலாப்பழத்துக்குச் சிரித்த அதே ஜனங்கள்தான். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு வரை தலைகுனிந்தபடியே வந்தார்கள். ஆயா மட்டும் பையைத் திறந்து வெல்லத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், உடைந்துவிட்டதா என்று.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் செய்தது அவனுக்கு இட்ட வேலை. ஆனால் ஒரு மலையில் வாழ்கிற அத்தனை பேரின் வெல்லத்தையும் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? நாம் படிக்கிற செய்திகள்தான். நாற்பது வருஷமாகக் கல்வராயன்மலை என்றால் ஊறல் என்று திரும்பத் திரும்ப அச்சில் பார்த்த கண்ணுக்கு, வெல்லம் என்றால் பொங்கல் நினைவுக்கு வருமா? கருணாபுரத்துச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. எந்த மலையிலும் ஊறுவதில்லை, எந்தப் பானையிலும் காய்வதில்லை. கருணாபுரம் இருப்பதும் மலையில் இல்லை, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள். ஆனாலும் அடுத்த வாரமே மலைக்காரன் பெண் கேட்டுப் போன இடத்தில், “சாராய மலையா?” என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவர் என் திண்ணைக்கு வருகிறவர்தான். பாக்கு வெற்றிலைத் தட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை எந்தப் பத்திரிகை எழுதியது?

இங்கே காய்ச்சுகிறவர்களே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு ஊரில் பத்துப் பேர் செய்கிற காரியத்தை ஊருக்கே பெயராக வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கொரு நண்பர். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வயதில் என்னை விட இரண்டு மூத்தவர். இதையெல்லாம் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். “உம்ம பலாப்பழக் கதையால ஒரு ஊருக்கு ரோடு வருமா ஓய்? டோலி படம் பேப்பர்ல வந்தாத்தான் அதிகாரி ஏறி வர்றான். வேடிக்கையா எழுதினா, மலைல எல்லாம் சௌக்கியமா இருக்காங்கன்னு நெனச்சுக்குவான்” என்பார். நியாயமான கேள்வி. கருணாபுரத்துக்குப் பிறகு, 2024-இல், சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது என்பதையும் அவர் ஆதாரமாகக் காட்டுவார். சாவு விழுந்ததால்தானே பார்வை விழுந்தது என்பது அவர் கட்சி.

என் பதில் இது. சாவு விழுந்த பிறகு பார்வை விழுவது ஒரு ஊருக்குப் பெருமையா? பலாப்பழக் கதையை நீங்கள் மறுபடி ஒருமுறை படியுங்கள். கண்டக்டர் ஏன் சர்க்கரை மாத்திரை வாங்கி வருகிறார்? பக்கத்தில் மருந்துக்கடை இல்லாத ஊர்கள் இருப்பதால். கதிரடிக்க ஏன் பேருந்து வேண்டியிருக்கிறது? களமும் மிஷினும் இல்லாததால். பையன் ஏன் பத்து நிமிஷம் தன் சாதியின் பெயருக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது? நூற்றைம்பது மைல் தூரத்தில் இருக்கிற தலைநகரத்துக்கு இந்த மலை இருப்பதே தெரியாததால். சில்லறைச் செய்திக்குள் குறையும் இருக்கிறது, அந்தக் குறையோடு மனிதர்கள் எப்படி மானமாக வாழ்கிறார்கள் என்பதும் இருக்கிறது. டோலிச் செய்தி, ஆள் போன பிறகு வருகிறது. கண்டக்டரின் மாத்திரைச் சீட்டு, ஆள் உயிரோடு இருக்கும்போதே வருகிறது. அதிகாரி படிக்க வேண்டியது எதை?

இன்னொன்றும் சொல்வேன். நான் எழுத்தனாக இருந்தவன், கோப்பு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். “மலைவாழ் மக்கள் அவதி” என்று வந்தால் அது தபாலில் ஒரு எண்ணாகும். சிவப்புப் புடவை கட்டிய ஆயா என்று வந்தால், படிக்கிறவர் ஒரு நிமிஷம் நிமிர்வார். முகம் தெரிந்தவர்களுக்குத்தான் கை நீளும். இது நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்பது வேறு. உலக வழக்கம் அதுதான்.

எங்கள் புதுச்சேரியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். தூப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த பெரிய மனிதர். சண்டையும் சமாதானமும் எழுதினார், சரி. கூடவே யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன தகராறு, எந்தக் கப்பல் எப்போது வந்தது, புயலில் என்ன விழுந்தது, துரை வீட்டு அம்மாள் யார் மேல் கோபித்துக்கொண்டாள் என்று எல்லாச் சில்லறையும் எழுதினார். அவர் போன பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது குடும்பத்துப் பழைய ஏடாகவே கிடந்தது. இன்றைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒரு தமிழன் எப்படி வாழ்ந்தான் என்று அறிய, கும்பெனிக் கணக்குகளைவிட அந்தக் குறிப்புகள்தான் உதவுகின்றன. பிள்ளை அன்றைக்கு, ‘இதெல்லாம் ஒரு செய்தியா’ என்று விட்டிருந்தால் நம் பாட்டன் முப்பாட்டன்கள் எல்லாம் வெள்ளைக்காரன் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கையாகத்தான் இருந்திருப்பார்கள்.

கல்வராயன்மலைக்கு ஒரு ஆனந்தரங்கப் பிள்ளை கிடையாது. மூன்று ஜாகீர் காலத்தில் இந்தக் கடைத்தெரு எப்படி இருந்தது, சந்தைக்கு எந்த வழியாக இறங்கினார்கள், உப்பு எப்படி ஏறியது, முதல் பேருந்து வந்த அன்று யார் யார் ஏறினார்கள் என்றெல்லாம் அந்த எண்பது வயது ஆயாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போகும். பிறகு மிஞ்சுவது காவல் நிலையத்து வழக்குப் பதிவேடும், பத்திரிகைக் கத்தரிப்பும்தான். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பையன் தன் ஊரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால், அவன் கையில் கிடைப்பது ஊறல், செம்மரம், டோலி. தன் பாட்டி புடவையைக் கிழித்துக் கார்களை நிறுத்திய கெட்டிக்காரி என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பால்பாயிண்ட் பேனாவை நூலில் கட்டி, டீக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டேன். அட்டையில் ‘கரியாலூர் செய்தி’ என்று எழுதியிருக்கிறேன். விதி இரண்டுதான். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது, அடுத்தவரைப் புண்படுத்துகிற பெயர் போடக் கூடாது. எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். என் மகள் அதையே கையெழுத்துப் பயிற்சியாக்கிவிட்டாள். முதல் வாரம் யாரும் தொடவில்லை. இரண்டாம் வாரம் ஒருவர் டீ பாக்கியைக் குறித்துவைத்தார். அதுவும் செய்திதான் என்று விட்டுவிட்டேன். இப்போது முப்பது பக்கம் தாண்டிவிட்டது. கரடி வந்ததாக ஒருவர் எழுத, அடுத்த நாள் அதற்குக் கீழேயே, ‘அது கரடி இல்லை, கம்பளி போர்த்திய எங்கள் மாமா’ என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார்.

கீழே கச்சிராயபாளையத்திலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் இருக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் ஒரு டீக்கடை இருக்கும், ஒரு ஆணி இருக்கும். நோட்டு முப்பது ரூபாய்க்குள்தான் வரும். நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு எழுத நேரம் இருக்கிறது, கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை. பெரிய விஷயங்களைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தெருமுனைக் குழாயில் யார் முதலில் குடம் வைத்தது என்கிற தகராறு எப்படித் தீர்ந்தது என்பதை நாம் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. அடுத்த முறை கீழே யாராவது, ‘கல்வராயன்மலையா, சாராயம்தானே?’ என்று உங்களிடம் கேட்டால் சண்டை போடாதீர்கள். பலாப்பழத்துக்கு டிக்கெட் வாங்கிய கதையைச் சொல்லுங்கள், பிறகு வெல்லத்துக் கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகாது.